சாக்குருவி எண்டு ஒரு குருவி இல்லை

எங்கட ஊர்ப்பக்கம் இரவில ஆந்தை கத்தினால் மூன்று விஷயம் நடக்கும். ஒராள் "உந்தச் சனியன் ஏன் இஞ்ச வந்து கத்துது" எண்டு பேசும். இன்னொராள் எறியிறதுக்குக் கல் தேடும். வீட்டில் சுகமில்லாத வயசான ஆள் இருந்தால், எல்லாரும் ஒருக்கா அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்ப்பினம். நடக்காத நாலாவது விஷயமும் ஒன்று இருக்கிறது. அது எந்த ஆந்தை, எந்த மரத்தில் இருக்கிறது, எதற்காகக் கத்துகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் எழுத வந்தது அந்த நாலாவது விஷயத்தைப் பற்றி.

முதலில் ஒன்றைச் சொல்லவேணும். சாக்குருவி எண்டு ஒரு பறவை இனம் இல்லை. அது எங்கட பயத்துக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர். இலங்கையில் பத்துக்கும் மேற்பட்ட ஆந்தை இனங்கள் இருக்கின்றன. அதில் இரண்டு இனங்கள் உலகத்தில் வேறெங்குமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குரல். இந்த எல்லாக் குரலையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் நாங்கள் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுக்கிறோம்.

வளவுக்குள் நாங்கள் அதிகம் கேட்கிற குரல் ஒரு சின்ன ஆந்தையுடையது. தலையில் காதுபோல இரண்டு இறகு நிமிர்ந்து நிற்கும். அது காது இல்லை, வெறும் இறகுதான். "வுக்" என்று ஒற்றைச் சத்தம். சில செக்கன் இடைவெளி. பிறகு மறுபடி "வுக்". கன பேர் இதைத் தவளை எண்டு நினைச்சிருப்பினம். விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் ஓட்டஸ் பக்கமோனா. அந்த இரண்டாவது சொல் சிங்களத்தில் ஆந்தையைக் குறிக்கிற "பக்கமூணா"தான். 18ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் இருந்து போன பறவைக்கு இந்தத் தீவின் சொல்லே பெயராகிவிட்டது.

வன்னிப்பக்கம் குளக்கட்டில் பொழுதுபட நின்றால், நெஞ்சுக்குள் அதிர்கிற மாதிரி ஒரு ஆழமான குரல் கேட்கலாம். அது மீன் ஆந்தை. பெரிய உடம்பு, மஞ்சள் கண், இறகில்லாத கால். மற்ற ஆந்தைகள் பறக்கும்போது சத்தமே வராது. இறகின் முன்விளிம்பில் சீப்புப்பல் மாதிரி ஒரு அமைப்பு இருந்து காற்றின் சத்தத்தை உடைத்துவிடும். மீன் ஆந்தைக்கு அந்தக் கவனம் அவ்வளவாகத் தேவையில்லை. தண்ணிக்குள் கிடக்கிற மீன் எங்கே அதன் சிறகுச் சத்தத்தைக் கேட்கப்போகிறது?

பிறகு கூகை. வெள்ளை முகம், இதய வடிவம். இதுதான் எல்லாரையும் பயப்படுத்துகிற ஆள், ஏனென்றால் இது அலறும், சீறும். பழைய கட்டடம், கோயில் கோபுரம், கூரை உடைந்த வீடு எல்லாம் இதற்குப் பிடித்த இடம். கூகையின் ஒரு காது மற்றக் காதை விடச் சற்று உயரத்தில் இருக்கிறது. அதனால் சத்தம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்பதோடு, எந்த உயரத்தில் இருந்து வருகிறது என்பதையும் அது கணக்கிட்டுவிடும். கும்மிருட்டில், ஒரு துளி வெளிச்சமும் இல்லாமல், எலி நடக்கிற சத்தத்தை மட்டும் வைத்து அது எலியைப் பிடிக்கும் என்பது பரிசோதனைகளில் நிறுவப்பட்ட விஷயம்.

இந்தியாவில் மிகச் சாதாரணமான புள்ளி ஆந்தை எங்களிடம் இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. இராமேஸ்வரம் வரைக்கும் வந்து நிற்கிறது. இங்கே வர கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர்தான். அவ்வளவு தூரத்தைக் கடக்காமல் அங்கேயே நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் எடுத்த ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு "இதுதான் எங்கட வளவு ஆந்தை" எண்டு சொன்னால் பிழைக்கலாம். அவரவர் ஊர் இருட்டை அவரவர்தான் கேட்கவேணும்.

காதால் கேட்பதைப் பற்றிக் கதைக்கும்போது நான் எப்போதும் சொல்கிற கதை ஒன்று இருக்கிறது. 1995இல் கித்துல்கல மழைக்காட்டில் தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர் தனக்குத் தெரியாத ஒரு குரலைக் கேட்டார். சின்ன, மெல்லிய, ஒற்றைக் குரல். பறவையைக் காணவில்லை. குரல் மட்டும்தான். அந்தக் குரலின் சொந்தக்காரரைக் கண்ணால் காண 2001 ஜனவரி ஆகிவிட்டது. சிங்கராஜ வனத்தில் கண்டார்கள். 2004இல் அது புதிய இனம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் புதிய உள்நாட்டுக்குரிய பறவை இனம் அது. சிங்கராஜவில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டியதை எதிர்த்து நின்ற திலோ ஹொஃப்மனின் பெயரைத்தான் அந்த ஆந்தைக்கு வைத்தார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது 1995ஆம் ஆண்டுதான், 2004 இல்லை. ஒரு குரலைக் கேட்டு "இது எனக்குத் தெரியாத குரல்" என்று சொல்வதற்கு முதலில் தெரிந்த குரல்கள் எல்லாம் தெரிந்திருக்கவேணும். நூற்றாண்டுக் கணக்கில் அந்தக் காடுகளுக்குள் எத்தனை பேர் போய் வந்திருப்பினம்! விறகு வெட்ட, கித்துள் இறக்க, படிக்க, படம் எடுக்க. அந்தச் சத்தம் அவர்களின் காதிலும் விழுந்திருக்கும். அது வேற சத்தம் என்று பிரித்தறிய ஒரு பழகின காது வேணும்.

இனி எங்கட பிரச்சினைக்கு வாறேன்.

ஆந்தை விஷயத்தில் எங்கட தலைமுறைக்கு ஒரு சுலபமான பதில் இருக்கிறது: "அது மூடநம்பிக்கை." சொல்லியாச்சு, முடிஞ்சுது. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தொடர் பார்க்கலாம். இந்தப் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆந்தை கத்தினால் சாவு வரும் எண்டு சொல்லுற அம்மம்மாவுக்கு ஆந்தை கத்துறது கேட்குது. அது வேலிப்பக்கத்தில் கத்துதா, கிணத்தடிப் பக்கம் கத்துதா, நேற்றும் கத்தினதா, எத்தனை தரம் கத்தினது எல்லாம் அவவுக்குத் தெரியும். நம்பாத எங்களுக்கு அது கேட்கிறதே இல்லை. நம்பிக்கையை விட்டதோடு சேர்த்துக் காதையும் விட்டுவிட்டோம். நாளைக்கு அந்த ஆந்தை ஊரில் இல்லாமல் போனால் முதலில் கவனிக்கப்போவது அம்மம்மாதான், நாங்கள் இல்லை.

அதற்காக நம்பிக்கையை அப்படியே தூக்கிப் பிடிக்கவும் முடியாது. அந்த நம்பிக்கைதான் கல் எறிகிறது, கூட்டில் இருந்து குஞ்சைக் கீழே போடுகிறது. அது ஏன் வந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததில் எனக்குப் படுவது இதுதான். அந்தக் காலத்தில் ஊர் முழுக்க இருட்டு. வருத்தக்காரர் இருக்கிற வீட்டில் மட்டும் விடிய விடிய விளக்கு எரியும். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சிக்குச் சின்ன ஆந்தை வரும். அந்த வீட்டில் ஆக்களும் நித்திரை கொள்ளாமல் முழிச்சிருப்பினம், ஆகவே கத்துறது கேட்கும். விடிய ஆள் போய்விட்டால் பழி ஆந்தையின் தலையில். ஆந்தை கத்தியும் ஒருத்தரும் சாகாத நூறு இரவை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

தமிழனுக்கும் ஆந்தைக்கும் எப்போதுமே இந்தப் பகைதான் என்பதும் சரியில்லை. நற்றிணையின் 83ஆவது பாட்டு முழுவதும் ஒரு கூகையோடு கதைக்கிற பாட்டு. ஊருக்குப் பக்கத்தில் நீர்த்துறையில் நிற்கிற பழைய மரத்தில் ஒரு கூகை இருக்கிறது. தலைவன் இரவில் வருகிற நேரம். கூகை கத்தினால் ஊர் முழிச்சுவிடும். அதனால் அதனிடம் கெஞ்சுகிறார்கள்: நீ கத்தாமல் இருந்தால் நெய் விட்ட இறைச்சிச் சோறு தருவோம், சுட்ட எலியும் தருவோம். வளைந்த அலகு, தெளிந்த கண், கூரான நகம் என்று அதன் உடம்பை ஒவ்வொன்றாகச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். அந்தக் கூகைக்குப் பிடித்த சாப்பாடு எலி என்பது பாட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அதோடு பறவையைக் கிட்டவாகப் பார்த்தும் இருக்கிறார். குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்றில் வருகிற பெண்ணுக்கும் முந்தி கூகை குழறினால் பயம். காதல் வந்தபிறகு அவளின் மனம் அந்த இருட்டுக்குள்ளேயே அவனோடு மலைப்பாதையில் நடந்து போய்க்கொண்டிருக்கிறது. கூகைக்கோழியார் என்று ஒரு புலவரே புறநானூற்றில் இருக்கிறார். பயம் அப்பவும் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தோடு கவனிப்பும் இருந்தது. எங்களிடம் வந்து சேர்ந்தது பயம் மட்டும்தான்.

அந்தக் கவனிப்பு எங்கே போனது என்று கேட்டால், வடக்குக் கிழக்கில் அதற்கு ஒரு தனிப் பதில் இருக்கிறது. எங்கட அம்மாக்களின் தலைமுறை இரவைக் காது கொடுத்துக் கேட்காமல் இல்லை. எங்களை விட ஆயிரம் மடங்கு கவனமாகக் கேட்டார்கள். ஷெல் எங்கே இருந்து புறப்படுகிறது, எங்கே விழும். நாய் ஏன் குலைக்கிறது. ஒழுங்கையில் நிற்கிற வாகனம் எத்தனை மணிக்கு வந்தது. "விளக்கை நூர், சத்தம் போடாத" என்று சொல்லி முழுக் குடும்பமும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்ட இரவுகள். அந்தக் காதுக்கு ஆந்தையை ரசிக்க நேரம் இருந்திருக்காது. யுத்தம் முடிந்தபிறகு அந்தச் சனம் இரவுக்குக் கதவைச் சாத்தி, லைற்றைப் போட்டு, டிவியைச் சத்தமாக வைத்ததில் நான் ஒரு பிழையும் காணவில்லை. அவர்கள் கேட்டது போதும்.

ஆனால் எங்களுக்கு அந்தக் கடமை இல்லை. யுத்தம் முடியும்போது குழந்தைகளாக இருந்த எங்களுக்கு இரவைத் திரும்பக் கேட்கிற வாய்ப்பு இருக்கிறது. சும்மா, ஒன்றுக்கும் பயப்படாமல், ஒரு பறவைக்காகக் கேட்பது. இந்த மண்ணில் இது சின்ன விஷயம் எண்டு நான் நினைக்கேல்லை.

வாய்ப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். நான் ஒரு பெண். ஆந்தை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், "எத்தனை மணிக்கு, ஆரோட" என்ற கேள்விக்குப் பிறகுதான் ஆந்தை வரும். எங்கட வகுப்புப் பெடியள் பைக்கை எடுத்துக்கொண்டு இரவு பத்து மணிக்குக் குளக்கட்டில் போய் இருக்கலாம். அதே குளக்கட்டில் நாங்கள் இரண்டு பெட்டையள் போய் இருந்தால் அடுத்தநாள் ஊருக்குக் கதை. சிங்களக் கிராமங்களில் "உலமா" என்று ஒரு பேய்ப்பறவையைச் சொல்வார்கள். கணவன் பிள்ளையைக் கொன்று கறியாக்கிக் கொடுக்க, கறிக்குள் சின்ன விரலைக் கண்ட தாய் கத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடிப் பறவையானாளாம். அந்தக் குரல் எந்தப் பறவையுடையது என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. காட்டில் வாழ்கிற பெரிய கழுகாந்தைதான் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் உறுத்துகிற இடம் வேறு. கொன்றது வீட்டுக்குள் இருந்த ஆம்பிளை. ஆனால் சனம் பயப்படுவது காட்டில் அழுகிற பொம்பிளைக்கு. இருட்டைக் காட்டிப் பெண்களைப் பயப்படுத்துகிற எல்லாக் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

ஆகவே நல்ல செய்தி ஒன்று சொல்கிறேன். ஆந்தை கேட்க இரவு பத்து மணிக்குக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. பொழுதுபடுகிற நேரமும் விடியப்புறமும்தான் பல ஆந்தைகள் அதிகம் கத்துகிற நேரம். வீட்டுத் திண்ணை, மொட்டைமாடி, கிணத்துக்கட்டு எதுவும் போதும். பைனாகுலர் வேண்டாம், காசு வேண்டாம். லைற்றை நிப்பாட்டிவிட்டு அரை மணித்தியாலம் இருங்கோ. கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேணும். ஃபோனை ஒருக்காப் பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும், பிறகு முதலில் இருந்து தொடங்கவேணும். காது பழக அதை விடக் கூடுதலான நாள் எடுக்கும். முதல் கிழமை எல்லாம் தவளையாகத்தான் கேட்கும். பிறகு ஒருநாள் ஒரு தவளை மட்டும் மரத்தில் இருந்து கத்துகிறதே என்று தோன்றும்.

பகலிலும் தேடலாம். ஒரு மரத்தைச் சுற்றிக் காகமும் கரிச்சானும் கொண்டைக்குருவியும் கூடி நின்று சண்டைக்குப் போவதுபோலக் கத்தினால், அந்த மரத்துக்குள் ஆந்தை இருக்கலாம். பகலில் கூகையைக் காகம் தோற்கடிக்கும் என்று திருவள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில் சொல்லுவது அரசனுக்கான புத்தி. ஆந்தை தேடுகிறவருக்கும் அது உதவும். மரத்தின் கீழே வெள்ளை எச்சமும், எலும்பும் மயிரும் சேர்ந்த சின்ன உருண்டைகளும் கிடக்குதா என்று பாருங்கோ. ஆந்தை விழுங்கினதில் செமிக்காததை உருண்டையாகக் கக்கிவிடும். அதை ஈர்க்குக் குச்சியால் பிரித்தால் எலியின் தாடை எலும்பு முழுசாக வரும். சாக்குருவி ஊருக்கு என்ன செய்கிறது என்பதற்கு அதை விடச் சாட்சி வேண்டாம்.

"சனம் அரிசி விலையைப் பார்த்து அழுகுது, நீ ஆந்தையைப் பற்றி எழுதுறாய்" என்று யாராவது கேட்கலாம். அரிசியைப் பற்றித்தான் நானும் கதைக்கிறேன். வயலில் எலி வெட்டினால் கமக்காரர் நஞ்சு வாங்கி வைக்கிறார். நஞ்சு தின்ற எலி மெதுவாக ஓடும், அதை ஆந்தை சுலபமாகப் பிடிக்கும், ஆந்தையும் சாகும். அடுத்த போகம் எலி திரும்ப வரும், ஆந்தை வராது. மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்குக் கூட்டுப்பெட்டி செய்து மரக்காலில் ஏற்றி வைக்கிறார்கள், எலி பிடிக்கத்தான். எங்களுக்குப் பெட்டி செய்ய வசதி இல்லாவிட்டாலும், வயலுக்குள் இரண்டு கம்பை நட்டு மேலே குறுக்குத்தடி கட்டிவிட்டால் ஆந்தை வந்து இருக்கும். செலவு ஒரு பின்னேரம்.

அதோடு எங்கட ஆக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பறவை பார்க்கிற பழக்கம் இளம் ஆட்களிடம் கூடியிருப்பது சந்தோஷம். ஆனால் ஃபோனில் ஆந்தைக் குரலைப் போட்டுப் போட்டு அதைக் கூப்பிடுவது சரியான வேலை இல்லை. தன்ர இடத்துக்குள் வேறொரு ஆந்தை வந்துவிட்டது என்று நினைத்து, அது இரை தேடுவதையும் குஞ்சையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பதும் அப்படித்தான். ஒரு படம் கிடைக்கும், அந்தப் படத்துக்கு ஐம்பது இதயம் கிடைக்கும். பறவைக்கு என்ன கிடைக்கும்? காத்திருந்து கேட்க முடியாதவருக்கு ஆந்தை தேவையில்லை, படம்தான் தேவை.

பொந்து உள்ள பட்டமரத்தையும் தலையில்லாத பனையையும் "சும்மா நிக்குது" என்று தறிக்கமுதல் ஒருக்கா மேலே பாருங்கோ. பழைய கூரையைப் பிரிக்கமுதல் பாருங்கோ. குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை சில கிழமை பொறுக்கலாம், வீடு ஓடிப்போகாது. இந்த நாட்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் இருந்து இருக்கிறது. ஆந்தைகள் அதன் பாதுகாப்புக்குள் வருகிற பறவைகள். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்குக் கல்லை எடுக்கிற கையைச் சட்டம் வந்து பிடிக்காது. பக்கத்தில் நிற்கிற ஆள்தான் பிடிக்கவேணும்.

அப்படிப் பிடிக்கிற நேரம் பெரியாக்களுக்கு விரிவுரை எடுக்கத் தேவையில்லை. அம்மம்மாவிடம் "உங்களுக்குத்தான் நல்லாக் கேக்குது, இது எந்தப் பக்கம் கத்துது, முந்தியும் இப்பிடித்தான் கத்துமோ" எண்டு கேட்டுப் பாருங்கோ. சொல்லுவா. எத்தனையோ வருஷமாகக் கேட்டு வைத்திருக்கிறா, இதுவரை ஒருத்தரும் அவவிடம் கேட்கவில்லை. அவ சொல்லி முடிய, "இது செவியாந்தை அம்மம்மா, பூச்சி பிடிக்க வந்திருக்கு" எண்டு நீங்களும் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கோ. நம்புவாவோ தெரியாது. கல்லுக் கேட்கமாட்டா.